தண்டு ஒன்றா, பலவா?

என் அன்பு மாப்ள சிக்கந்தருக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் கடிதத்துக்கு முறை. உன்னிடம் எதை விசாரிப்பது? காய்ச்சல் விட்டதா என்று கேட்டால் நீயே சிரிப்பாய். அதனால் இங்குள்ள சங்கதிகளை மட்டும் எழுதுகிறேன். கல்லூரி மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் உனக்கு எழுதத்தான் வருகிறது. நாலு பேர் படிக்கப் போகிறார்கள், ஆகவே உனக்குத் தெரிந்ததையும் நடுநடுவே சொல்லுவேன். பொறுத்துக்கொள்.

யுத்தம் இன்னும் முடியவில்லை. அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. திருமங்கலத்துப் பஸ் இப்போது கரியில் ஓடுகிறது. மேட்டில் நின்றுபோனால் ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்கிறார்கள். தாவரக் கூடத்தில் உன் மேசைக்குப் புது டெமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் வந்துவிட்டார். நல்ல மனிதர். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனாலும் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. உன் நாற்காலியை அவர் இழுக்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

என்னை ‘பார்வுலே’ என்று கூப்பிடவும் ஆளில்லை. படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். லத்தீனில் பார்வுஸ் என்றால் சிறிய. அதற்கு ஒரு குட்டி வால் ஒட்டினால் பார்வுலுஸ், அதாவது சின்னஞ்சிறிய. நீ ஆறடி, நான் உன் தோளுக்குக் கீழே. அந்தச் சொல் கிடைத்த நாளிலிருந்து எனக்கு வேலுச்சாமி என்ற பெயர் போயிற்று. காப்பிக் கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி என்னை வேற்றுமை வேற்றுமையாகப் பிரித்துப் போடுவாய்.

“பார்வுலுஸ் வந்துட்டான். பார்வுலி கொடைய ஓரமா வையிங்க. பார்வுலோவுக்கு ஒரு காப்பி. பார்வுலும இம்புட்டு நேரமாக் காணமேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். உக்காரு பார்வுலே.”

கடைக்காரர் இது ஏதோ உங்கள் வீட்டுப் பாஷை என்று நினைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வரும். ஆனால் அந்த வாய்பாடு மண்டையில் ஏறியது உன் கேலியால்தான், புத்தகத்தால் அல்ல.

நாம் எதற்கு லத்தீன் படித்தோம்? வேண்டுதலுக்கா? அந்தக் கண்மாய்ச் செடிக்காகத்தான்.

அது மாசி மாதம். பேரையூருக்குத் தெற்கே, தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த கண்மாயில் செடி சேர்க்கப் போயிருந்தோம். உன் கையில் தகரப் பெட்டி, என் தலையில் அழுத்துபலகையும் பழைய பேப்பர்க் கட்டும். செருப்பு வார் அறுந்து நான் குனிந்தபோது, ஈரம் காயாத களிமண்ணில் அரை விரல் உயரத்தில் ஏதோ சிவந்து தெரிந்தது. நீ அதைத் தாண்டி நடந்து போயிருந்தாய். திரும்பி வந்து முழங்கால் போட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாய்.

“மாப்ள, இது எந்தப் புஸ்தகத்துலயும் இல்லடா.”

“நீ அம்புட்டுப் புஸ்தகத்தையும் படிச்சிட்டியாக்கும்.”

“நெசமாச் சொல்றேன். நீ குட்ட, தர ஒனக்குத்தான் பக்கம். அதான் ஒனக்குத் தெரிஞ்சிருக்கு.”

ஒரு மாட்டுவண்டி நிற்கும் அளவு இடத்தில்தான் அது இருந்தது. வேறு எங்கு தேடியும் இல்லை. உலர்த்தி ஒட்ட ஒரே ஒரு தாளுக்கு ஆகிறபடி கொஞ்சம் எடுத்தாய். இன்னும் பிடுங்கலாம் என்று நான் கை நீட்டினேன், நீ தட்டிவிட்டாய். “வெத விழட்டும் மாப்ள. அடுத்த வருசம் கண்மாய் பூரா வரும், அப்ப வண்டி கட்டி அள்ளிக்கிருவோம்.” உனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெயிலில் உப்புக் கோடு போட்ட சட்டையோடு பேரையூர்ச் சந்தை வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாய்.

அந்த இடத்தில் உட்கார்ந்தே குறிப்பு எழுதினாய், தமிழில். ‘தண்டு மெலிசு. இலை குட்டி. பூ குட்டி, லேசாச் செவப்பு.’ அவ்வளவுதான். நமக்கு அது போதுமாக இருந்தது. தமிழில் தண்டு என்று எழுதினால் ஒன்றும் தண்டுதான், ஒன்பதும் தண்டுதான், யார் கேட்கப் போகிறார்கள்?

புதுச் செடிக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் இரண்டு வேண்டும் என்று துறைத் தலைவர் சொன்னார். உலர்த்திய செடி ஒட்டிய தாள் ஒன்று. லத்தீனில் எழுதிய வர்ணனை ஒன்று. உலகம் முழுவதற்கும் அதுதான் விதியாம். இரண்டும் அச்சேறினால் அந்தச் செடி இருக்கிறது. இல்லாவிட்டால் இல்லை. தாளைக் கப்பலில் சீமைக்கு அனுப்பி, அங்குள்ள பெரிய தாவரக் கூடத்தில் ஒப்பிட்டுப் பார்த்து வரட்டும், அதற்குள் வர்ணனையை எழுதுங்கள் என்றார். பங்குனியில் தாள் போயிற்று. பாதிரியார் ஒருவரிடம் நீ இரவலாகப் பழைய இலக்கணப் புத்தகம் வாங்கி வந்தாய்.

அதில் உனக்குப் பிடித்த பாடம் ஒன்றே ஒன்றுதான். நம் செடியில் எல்லாமே சிறிது, ஆகவே சின்னஞ்சிறு அடைமொழிகள் இருக்கும் பாடம். மென்மைக்குத் தெனெர், அதன் குட்டி தெனெல்லுஸ். சிவப்புக்கு ரூபெர், இளஞ்சிவப்புக்கு ரூபெல்லுஸ். தாய்ச்சொல் எந்த வாய்பாட்டில் போனாலும் சரி, இந்தக் குட்டிகள் எல்லாம் ஒரே வாய்பாட்டில்தான் போகும். ஆண்பாலுக்கு உஸ், பெண்பாலுக்கு ஆ, இரண்டுமில்லாததற்கு உம். பன்மை வந்தால் அதற்கு வேறு மூன்று. பூவுக்கு அவர்கள் மொழியில் ஆண்பால், ஆகவே பூ பார்வுலுஸ். மூலிகைக்குப் பெண்பால், அது பார்வுலா. இலை இரண்டும் கெட்டது, அது பார்வுலும். இலைக்கு எதற்கு அந்தக் கதி என்று நான் கேட்டேன். அவர்கள் ஊர் இலை அப்படி என்றாய்.

“நம்ம ஊரு ‘சின்ன’ இருக்கே, ரொம்பத் திமிரு புடிச்சது மாப்ள” என்று ஒருநாள் சொன்னாய். “சின்னப் பய, சின்னப் புள்ள, சின்ன வீடு, எவன் வந்து பக்கத்துல நின்னாலும் அசையாது. இது பாரு, கூட நடக்குறவனுக்குத் தக்கன வேட்டிய மாத்திக் கட்டிக்கிட்டு வருது. அவன் ஒத்தையா வந்தா ஒத்தைக்கு, கூட்டமா வந்தா கூட்டத்துக்கு.”

இதையெல்லாம் இப்போது எழுதும்போது கை நிற்கிறது. வைகாசி வந்துவிட்டதே.

காய்ச்சல் என்று நீ இரண்டு நாள் வராதபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆள் பாதியாகிக் கிடந்தாய். டைபாய்டு என்று டாக்டர் சொன்னார். மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை, கஞ்சித்தண்ணி கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், மீதி ஆண்டவன் கையில் என்று போய்விட்டார். உன் அத்தா நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறவர். ஊருக்கெல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற மனிதர், நிலவேம்பு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, கையை உள்ளே விடாமல் உட்கார்ந்திருந்தார். பெற்ற பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. விசிறிக்கொண்டே இருந்தேன்.

அந்தக் காய்ச்சலிலும் நீ வர்ணனையை விடவில்லை. வாயாலேயே சொல்லுவாய். ஹெர்பா புசில்லா, சின்னஞ்சிறு மூலிகை. ஃபோலியா பார்வுலா, இலைகள் சின்னஞ்சிறியவை. ஃப்ளோரெஸ் ரூபெல்லி, பூக்கள் இளஞ்சிவப்பு. அப்புறம் தண்டில் வந்து நின்றுவிடுவாய்.

“தண்டு தெனெல்லுஸா, தெனெல்லியா?”

“ரெண்டும் மெலிசுதானடா.”

“இல்ல மாப்ள. வேருலருந்து ஒரு தண்டு வந்துச்சா, பல தண்டு வந்துச்சா? ஒண்ணுன்னா தெனெல்லுஸ். பலதுன்னா தெனெல்லி. எனக்கு நெனப்பு வரலடா. ஒனக்கு வருதா?”

எனக்கும் வரவில்லை. சிவப்புத்தான் ஞாபகம் இருந்தது. உன் குறிப்பில் தண்டு என்று மட்டும் இருந்தது. தாளைப் பார்க்கலாம் என்றால் அது கப்பலில் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் எழுதிக்கொள்ளலாம், தூங்கு என்றேன். நீ கேட்கவில்லை. மறுநாளும் அதே கேள்வி. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “போயிப் பாத்துட்டு வாயேன். காஞ்ச தண்டாச்சும் மண்ணுல நிக்கும்ல” என்றாய். உன் அத்தாவைப் பார்த்தேன். “போயிட்டு வாங்க தம்பி. அவன் மனசு அதுலயே கெடக்கு. நான் பக்கத்துலதான இருக்கேன்” என்றார்.

“வாரேன் மாப்ள” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். நீ கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டினாய்.

மதுரையில் ஏறிய பஸ் திருமங்கலம் தாண்டியதும் படுத்துக்கொண்டது. பேரையூருக்கு வேறு வண்டி பிடித்து, அங்கிருந்து நடந்து, கண்மாய்க் கரையில் ஏறியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கரையில் நின்று பார்த்தேன். எந்த இடம் என்று முதலில் அடையாளமே தெரியவில்லை. கண்மாய்க்குள் பெரிய பெரிய பள்ளங்கள். வண்டித் தடம் தடமாக உள்ளே போய் வெளியே வந்திருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் ஓடினேன்.

“என்னக்கா இது, இப்படித் தோண்டிக் கெடக்கு?”

“கரம்ப அள்ளிட்டாகல்ல. வருசா வருசம் அள்ளுறதுதான.”

“எந்த ஊருக்காரக?”

“எந்த ஊருன்னு சொல்ல? சுத்துப்பட்டு வண்டி அம்புட்டும் வந்துச்சு. ஏன் தம்பி, எதையும் தொலச்சிட்டியா?”

மாப்ள, நான் உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. கண்மாய் வற்றினால் அடிவண்டலை அள்ளிப் புன்செய்க் காட்டில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? என் அய்யாவோடு வண்டியில் கரம்பை மண் மேல் உட்கார்ந்து வந்தவன்தான் நானும். ஆனால் மாசியில் அந்தச் செடிமுன் உட்கார்ந்திருந்தபோது அது என் புத்திக்கு வரவில்லை. நீ பட்டணத்து ஆள், உனக்குத் தெரிய நியாயமில்லை. விதை விழட்டும் என்றாய். விழுந்திருக்கும். விழுந்த மண்ணையும் சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? காட்டுக்கு உரம் வேண்டாமா?

பொழுது சாயும் வரை அந்தப் பள்ளங்களின் ஓரத்தில் முழங்கால் போட்டுத் தேடினேன். அந்த அம்மாவும் ஆட்டை விட்டுவிட்டு எனக்காகக் குனிந்து பார்த்தார். எதைத் தேடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. “சின்னதா, மெலிசா, செவப்பா” என்று சொன்னேன். “சின்னதுன்னா எம்புட்டுச் சின்னது?” என்று கேட்டார். விரலைக் காட்டினேன்.

பேரையூரில் தங்கி, மறுநாள் காலை மறுபடி போய்ப் பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பினேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம், உன்னிடம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். பார்த்தேன், பல தண்டு என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா? நீ நிம்மதியாகத் தூங்குவாய் அல்லவா? தெருமுனைக்கு வரும்வரை முடிவு செய்யவில்லை.

உங்கள் தெருவில் ஆண்கள் தொப்பியோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். உன் அத்தா வாசலில் நின்றார். “காலையிலயே போயிட்டான் தம்பி. மத்தியானம் லுகர் தொழுகையோட அடக்கம் பண்ணிட்டோம். ரொம்ப நேரம் வச்சிருக்கக் கூடாதுல்ல” என்றார். பிறகு, எனக்கு இன்றுவரை ஆறாத ஒன்றைக் கேட்டார்.

“செடி இருந்துச்சா?”

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தார். உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. பதிலும் கொண்டுவரவில்லை. உன்னிடம் ‘வாரேன்’ என்றேன், வந்தேன், அவ்வளவுதான் என்னால் ஆனது.

இப்போதைய சங்கதிக்கு வருகிறேன். தாள் போன கப்பல் சீமைக்குப் போய்ச் சேரவில்லை. நடுக்கடலில் குண்டுபட்டு மூழ்கிவிட்டதாகத் துறைத் தலைவர் சொன்னார். எத்தனை உயிர் போனதோ, அதில் நம்முடைய ஒரு தாள். தாள் இல்லாமல் வர்ணனையை மட்டும் அச்சுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். முடியாது என்றார். அவரும் வருத்தப்பட்டார். செடியைக் காட்ட வேண்டும், எதைக் காட்டுவீர்கள் என்றார். அது முளைத்து நின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர், அதில் ஒருவன் மண்ணுக்குள் இருக்கிறான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

உன் அத்தாவோ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “எம் மகன் ஒரு செடியக் கண்டுபிடிச்சிருக்கான். சீமையில பேரு வைக்கிறாக” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் கடை திறக்கும் நேரம் நான் அந்த வழியாகப் போவேன். “பேரு வந்துருச்சா தம்பி?” என்பார். யுத்தம் முடியட்டும் அத்தா என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மனசு கேட்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல், கரம்பை, தாள் இல்லாமல் பெயர் இல்லை என்பது, எல்லாம். தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப அந்த மண்ணு எங்க போயிருக்கும்?”

“சுத்துப்பட்டுக் காட்டுக்கெல்லாம் போயிருக்கும் அத்தா.”

“காட்டுலதான கெடக்கு. கடல்ல இல்லையே” என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைக் கேள். பேரையூர்ப் பக்கமிருந்து அவருக்கு மூலிகை பறித்துக்கொண்டு வருகிற பெண்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களிடம், காட்டில் களை எடுக்கும்போது அரை விரல் உயரத்துக்கு எது முளைத்திருந்தாலும் வேரோடு கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார். அவர்களும் கொண்டுவருகிறார்கள். மழைக்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் கடைப் பலகையில் பேப்பரை விரித்து, குட்டிக் குட்டிச் செடிகளாகப் பரப்பி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறார். உன் பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். பருத்திக் காட்டுக் களை, சோளக் காட்டுக் களை, முளைவிட்ட நெருஞ்சி. பார்வுலுஸ், பார்வுலா, பார்வுலும், எல்லாச் சிறுசும் வருகிறது. நம்முடையது வரவில்லை.

“இல்லத்தா” என்பேன். மடித்து ஓரமாக வைப்பார்.

போன வெள்ளிக்கிழமை அவர் மடிக்கவில்லை. மஞ்சளாகப் பூத்த ஒன்றை விரலால் என் பக்கம் தள்ளினார்.

“தம்பி, இதுதான்னு சொல்லிருங்களேன். சின்னதாத்தான் இருக்கு. மெலிசாத்தான் இருக்கு. யாருக்குத் தெரியப் போவுது? எனக்கும் வயசாவுது.”

அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? நிஜமாகவே கேட்கிறேன். அந்த மனிதருக்காக ஒரு பொய் சொல்லக் கூடாதா? கடையில் நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம். எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் நீ சாகக்கிடந்தபோதுகூட ஒரு தண்டா பல தண்டா என்று தெரியாமல் அந்த ஒரு சொல்லை முடிக்க மாட்டேன் என்றாயே, அது வந்து குறுக்கே நின்றது. பூவைக் காட்டி, “இது மஞ்சள் அத்தா. அவன் எழுதுனது செவப்பு” என்றேன். அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

“ஆமா. அவன் சொன்னா செவப்பாத்தான் இருக்கும்” என்று பேப்பரை மடித்தார். “சரி, அடுத்த வாரம் வாங்க.”

போவேன் மாப்ள. உனக்கு நான் தரக்கூடிய வாக்கு இதுதான், இதற்கு மேல் என்னால் ஒன்றும் ஆகாது. வர்ணனையை நீ சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன். மூலிகைக்கு, இலைக்கு, பூவுக்கு எல்லாம் வால் சரியாக இருக்கிறது. தண்டுக்கு மட்டும் ‘தெனெல்’ என்று நிறுத்தி இடம் விட்டிருக்கிறேன். கண்ணால் பார்க்காமல் அதை முடிக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை தோறும் அத்தா விரிக்கிற பேப்பரில் பார்ப்பேன். மாசி பிறந்தால் பேரையூர்க் காடுகளில் முழங்கால் போட்டுப் பார்ப்பேன். களை எடுக்கிற பெண்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தரை எனக்குத்தான் பக்கம் என்று நீ சொன்னாய். நீயும் இப்போது அங்கேதான் இருக்கிறாய், முடிந்தால் எந்தப் பக்கம் என்று சொல்.

வாரேன்.

உன் குட்டை மாப்ள,
அத்தாவுக்கு இப்போது ஒத்தைப் பிள்ளை,
வேலுச்சாமி